கருப்பை முதல் பிரசவ அறை வரை: இனப்பெருக்க மருத்துவச் சொற்களைப் பிரித்து, ஒலித்து, விளங்கிக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

சிங்கப்பூரில் மாமியாரையோ ஊரிலிருந்து புதிதாக வந்த அண்ணியையோ கைனி எனப்படும் பெண்நல மருத்துவரிடம் அழைத்துப் போகிறவர்களுக்கும், உயர்நிலை 3-இல் உயிரியல் எடுத்திருக்கும் பிள்ளைக்கு வீட்டில் உதவுகிற பெற்றோருக்கும் சிக்கல் ஒன்றுதான். சொல் ஆங்கிலத்தில் வருகிறது, கேட்பவர் தமிழில் நினைக்கிறார், நடுவில் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் பாதிதான் தெரிகிறது.

பெரும்பாலோர் ஏதாவது ஒரு சொற்பட்டியலை எடுத்து முதல் எழுத்திலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். அது நிற்காது. முதலில் உறுப்பு, அடுத்து சொல்லின் துண்டுகள், பிறகு ஒலி, கடைசியில் தமிழ்ச் சொல் என்ற வரிசையில் போனால் புதுச் சொல் ஒன்று எதிரில் வந்தாலும் பாதிப் பொருளை நீங்களே பிடித்துவிடலாம்.

கீழே உச்சரிப்பைக் காட்டும் இடங்களில் அசைகளுக்கு நடுவே சிறு கோடு இருக்கும். அழுத்திச் சொல்ல வேண்டிய அசைக்கு முன்னால் ' என்ற குறி இருக்கும்.

1. உட்காருவதற்கு முன் எடுத்துவைக்க வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம். பக்கத்துக்கு நான்கு பத்தி: ஆங்கில எழுத்துக்கோவை, துண்டுகள், தமிழ் எழுத்தில் ஒலி, தமிழ்ச் சொல்லோடு ஒரு வரி விளக்கம். ஆங்கில எழுத்துக்கோவையை விட்டுவிட்டுத் தமிழ் ஒலியை மட்டும் எழுதி வைப்பவர்கள் பிறகு மாட்டிக்கொள்வார்கள். ஏன் என்பது 7-ஆம் பகுதியில் தெரியும்.

சொற்களை உங்கள் கையில் இருக்கும் தாள்களிலிருந்து எடுங்கள்: பலதுறை மருந்தகம் தந்த பரிந்துரைக் கடிதம், ஸ்கேன் அறிக்கை, ஹெல்த்ஹப் செயலியில் வரும் பரிசோதனை முடிவு, அல்லது பிள்ளையின் பாடநூல் அத்தியாயம். இணையத்தில் கிடைக்கும் நீண்ட பட்டியலில் பாதிச் சொற்களை நீங்கள் ஆயுளில் சந்திக்க மாட்டீர்கள்.

ஒலியோடு கூடிய அகராதி ஒன்று வேண்டும். பிரிட்டிஷ் உச்சரிப்பைத் தேர்ந்தெடுங்கள். சிங்கப்பூரில் பள்ளியும் மருத்துவமனையும் பிரிட்டிஷ் எழுத்துமுறையைப் பின்பற்றுகின்றன. ஈஸ்ட்ரஜன் என்ற ஹார்மோனை இங்கே ஓஇ என்று தொடங்கி எழுதுவார்கள். அமெரிக்க நூலில் வெறும் இ-யில் தொடங்கும். அட்டவணையில் தேடியும் கிடைக்கவில்லை என்று கைவிடும் சொற்களில் பல இப்படித்தான் தொலைகின்றன.

கடைசியாக, பெயர் எழுதாத உடற்படம் இரண்டு: பெண்ணுக்கு ஒன்று, ஆணுக்கு ஒன்று. ஒரு முறை உட்கார்ந்தால் எட்டுச் சொல் போதும்.

2. முதலில் பாதையை வரையுங்கள்

பெண் உடலில் முட்டை போகும் வழியை விரலால் தடவியபடி சொல்லிப் பாருங்கள். சூலகம், அதாவது ஓவரி ('ஓ-வ-ரி). அங்கிருந்து ஃபலோப்பியன் குழாய் (ஃப-'லோ-பி-யன்). அடுத்து கருப்பை, அதாவது யூட்டரஸ் ('யூ-ட-ரஸ்). அதன் கீழ்க்கழுத்து கருப்பை வாய், அதாவது ஸர்விக்ஸ் ('ஸர்-விக்ஸ்). பிறகு யோனி, அதாவது வஜைனா (வ-'ஜை-னா).

ஆண் உடலில் விரையில் தொடங்கி, எபிடிடிமிஸ் (எ-பி-'டி-டி-மிஸ்) என்ற சுருள்குழாய், விந்துநாளமான வாஸ் டெஃபரென்ஸ், வழியில் திரவம் சேர்க்கும் விந்துப்பையும் ப்ராஸ்டேட் சுரப்பியும், முடிவில் சிறுநீர் வெளியேறும் குழாயான யூரெத்ரா.

படம் முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. கரு உண்டாவது கருப்பைக்குள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் முட்டையும் விந்தணுவும் சேர்வது குழாயில். அதன் பிறகு சுமார் ஒரு வாரத்தில்தான் கரு கருப்பைச் சுவரில் பதிகிறது. இது தெரிந்தால் எக்டோபிக் (எக்-'டா-பிக்) கர்ப்பம் என்ற சொல் தானாக விளங்கும்: கரு பதிய வேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்தில், பெரும்பாலும் குழாயிலேயே, பதிந்துவிட்டது. “டோப்” என்ற துண்டு இடத்தைக் குறிக்கிறது.

இங்கேயே தமிழ்ச் சொற்களையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவாருங்கள். ஓவரிக்கு மட்டும் சூலகம், அண்டகம், சினைப்பை, கருவகம், முட்டைப்பை என்று ஐந்து சொல் புழங்குகின்றன. தமிழகப் பாடநூல், இலங்கைப் பாடநூல், இங்குள்ள துண்டுப்பிரசுரம் மூன்றும் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். எதை வேண்டுமானாலும் எடுங்கள், எடுத்ததை மாற்றாதீர்கள். பேச்சில் “கர்ப்பப்பை” என்பது எல்லோருக்கும் புரியும். வயதானவர்களிடம் அதுவே நல்லது.

இன்னொரு கவனம். நஞ்சுக்கொடி என்று சிலர் பிளசென்டாவைச் சொல்கிறார்கள், சிலர் தொப்புள்கொடியைச் சொல்கிறார்கள். பிளசென்டா (ப்ல-'ஸென்-டா) கருப்பைச் சுவரில் ஒட்டியிருக்கும் தட்டையான உறுப்பு. தொப்புள்கொடி அதையும் குழந்தையையும் இணைக்கும் கயிறு. “பிளசென்டா கீழே இருக்கிறது” என்று மருத்துவர் சொன்னதை “கொடி சுத்தியிருக்காம்” என்று வீட்டில் போய்ச் சொன்னால் பயமும் தவறு, பராமரிப்பும் தவறு.

3. சொல்லை வலப்பக்கத்திலிருந்து உடையுங்கள்

மருத்துவச் சொல்லின் வால் என்ன செய்கிறார்கள் அல்லது என்ன ஆயிற்று என்பதைச் சொல்லும். தலை எந்த உறுப்பு என்பதைச் சொல்லும். அதனால் வாலிலிருந்து தொடங்குங்கள். அவசரத்தில் தெரிய வேண்டியது பெரும்பாலும் அதுதான்.

முதலில் படிக்க வேண்டிய வால்கள்: “எக்டமி” என்றால் அகற்றுதல், “ஒட்டமி” என்றால் வெட்டுதல், “ஆஸ்கபி” என்றால் கருவி விட்டுப் பார்த்தல், “க்ராம்” என்றால் பதிவான படம், “ஐட்டிஸ்” என்றால் அழற்சி, “ஓமா” என்றால் கட்டி, “ரியா” என்றால் ஒழுக்கு, “சென்டீஸிஸ்” என்றால் ஊசியால் குத்தி நீர் எடுத்தல்.

தலைகள்: ஹிஸ்டரோ, மெட்ரோ இரண்டும் கருப்பை. ஸால்பிங்கோ குழாய். ஊஃபோரோ என்று எழுத்துக்கூட்டத் தோன்றும் துண்டு சூலகம். ஆர்க்கி விரை. கால்போ யோனி. மெனோ மாதவிடாய். மையோ தசை.

இப்போது ஹிஸ்டரோஸால்பிங்கோக்ராம் என்ற நீண்ட சொல்லைப் பாருங்கள். க்ராம், படம். ஸால்பிங்கோ, குழாய். ஹிஸ்டரோ, கருப்பை. ஆக, கருப்பையும் குழாய்களும் தெரியும் எக்ஸ்ரே படம். குழாயில் அடைப்பு உண்டா என்று பார்க்க எடுப்பது.

அதே துண்டுகளை மாற்றிப் போடுங்கள். ஹிஸ்டரெக்டமி (ஹிஸ்-ட-'ரெக்-ட-மி) கருப்பையை எடுத்துவிடுவது. ஹிஸ்டராஸ்கபி (ஹிஸ்-ட-'ராஸ்-க-பி) கருப்பைக்குள் கருவி விட்டுப் பார்ப்பது. காதில் இரண்டும் பாதிவரை ஒன்றுபோலவே விழும். “கருப்பையில ஏதோ பண்ணப் போறாங்களாம்” என்ற அளவில் வீட்டுக்குச் செய்தி போவது இதனால்தான். வால் கேட்கவில்லை என்றால் திரும்பக் கேளுங்கள். மையோமெக்டமி என்றால் தசைக்கட்டியை மட்டும் எடுத்து, கருப்பையை விட்டுவைப்பது. இன்னும் பிள்ளை வேண்டும் என்று நினைக்கிற பெண்ணுக்கு இந்த வேறுபாடு வாழ்க்கையையே மாற்றும்.

வால் தெரிந்தவர்களும் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. எண்டோமெட்ரியம் கருப்பையின் உட்படலம். எண்டோமெட்ரைட்டிஸ் அந்தப் படலத்தின் அழற்சி. எண்டோமெட்ரியோஸிஸ் வேறு கதை: அந்தப் படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சூலகத்திலோ இடுப்புக்குழியிலோ வளர்வது. “ஓஸிஸ்” என்பது ஒரு நிலையைச் சொல்கிறது, கிருமித் தொற்றைச் சொல்வதில்லை.

முன்னொட்டில் “ஆன்டி” மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்தில் ஒன்றே, ஆங்கிலத்தில் இரண்டு. இ-யில் முடிவது “முன்” என்று பொருள்படும்: ஆன்டிநேட்டல், பிரசவத்துக்கு முந்தைய. ஐ-யில் முடிவது “எதிர்”: ஆன்டிபாடி, எதிர்ப்பொருள்.

4. எழுத்தைப் பார்த்து ஒலியைக் கண்டுபிடிப்பது

ஐந்து விதி போதும்.

சிஎச் என்ற இணை கிரேக்கத்திலிருந்து வந்த சொற்களில் க் என்று ஒலிக்கும். முதல் பூப்பு மெனார்க்கி (மெ-'னார்-கி), கருவைச் சூழும் வெளிப்படலம் கோரியான் ('கோ-ரி-யான்), பாலுறவால் தொற்றும் ஒரு நோய் கிலமிடியா. “மெனார்ச்”, “சோரியான்” என்று படிப்பவர்கள் பலர்.

ஓஇ, ஏஇ என்ற இணைகள் பெரும்பாலும் ஈ. ஈஸ்ட்ரஜன், ஃபீட்டஸ், ப்ரீவியா. பிளசென்டா ப்ரீவியா என்றால் பிளசென்டா கருப்பை வாயை மறைத்து முன்னால் கிடப்பது. கைனகாலஜி இந்த விதிக்கு அடங்காது; அதை அப்படியே மனத்தில் வையுங்கள்.

சி என்ற எழுத்துக்குப் பின் இ, ஐ, ஒய், ஏஇ வந்தால் ஸ்; ஏ, ஓ, யு வந்தால் க். ஸர்விக்ஸ், சிசேரியன் ஒரு பக்கம்; சீம்பாலைக் குறிக்கும் கொலாஸ்ட்ரம் (க-'லாஸ்-ட்ரம்) மறு பக்கம்.

இரண்டு ஓ சேர்ந்து சொல்லின் தலையில் நின்றால் அது “ஊ” ஆகாது. முதிராத முட்டைச்செல் 'ஓ-அ-சைட். “ஊசைட்” இல்லை. சூலகம் அகற்றும் அறுவை ஓ-அ-ஃப-'ரெக்-ட-மி.

ஆர்ஆர்எச் என்று மூன்று எழுத்து வரிசையாக வந்தாலும் ஒலிப்பது ஒரே ர். டிஸ்மெனரீயா (டிஸ்-மெ-ன-'ரீ-யா) வலியோடு வரும் மாதவிடாய். ஏமெனரீயா மாதவிடாய் வராமலே இருப்பது. முன்னால் உள்ள “ஏ” இல்லாமையைக் குறிக்கிறது.

தமிழ் எழுத்து நம்மை ஏமாற்றும் இடங்களும் உண்டு. ப, ட, க ஒவ்வொன்றிலும் தொண்டை அதிரும் ஒலிக்கும் அதிராத ஒலிக்கும் நம்மிடம் ஒரே எழுத்துதான். ஆகவே நோட்டில் தொண்டை அதிர ஒலிக்க வேண்டிய எழுத்தின் கீழ் ஒரு கோடு போடுங்கள். ஸைகோட் என்ற சொல்லில் ஸ, க இரண்டுக்கும் கோடு வரும். ஸ-வைச் சொல்லும்போது குரல்வளையில் விரலை வையுங்கள்; அதிர்ந்தால் சரி. அதிராமல் “சைகோ” என்று சொன்னால் மருத்துவரின் காதில் மனநலம் பற்றிய பேச்சாக விழுந்துவிடும்.

ஸ்பெர்ம் என்ற சொல்லுக்கு முன்னால் “இ” சேர்ப்பதும், எல்லாச் சொல்லுக்கும் பின்னால் “உ” சேர்ப்பதும் நம் நாக்கின் பழக்கம். புரியாமல் போகாது, திருத்த நேரம் செலவிட வேண்டாம். அழுத்தம் தவறினால்தான் புரியாது.

5. அழுத்தம்

தமிழில் எல்லா அசையையும் ஏறத்தாழ ஒரே கனத்தில் சொல்வோம். ஆங்கிலத்தில் அழுத்தம் இடம் மாறினால் கேட்பவர் வேறு சொல்லைத் தேட ஆரம்பித்துவிடுவார். வாலைப் பார்த்தே அழுத்தத்தைக் கண்டுபிடிக்கலாம்.

எக்டமி, ஒட்டமி, ஆஸ்கபி, ஆலஜி, ஆக்ரஃபி என்று முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாம் அசையில் அழுத்தம். எபிஸியாட்டமி (எ-பி-ஸி-'ஆ-ட-மி), அதாவது பிரசவத்தில் யோனிவாயை அகலப்படுத்தப் போடும் வெட்டு, கை-ன-'கா-ல-ஜி, கால்-'பாஸ்-க-பி.

ஐட்டிஸ், ஓஸிஸ், ஓமா என்று முடிந்தால் கடைசிக்கு முந்திய அசையில். மை-'ஓ-ஸிஸ், மை-'டோ-ஸிஸ். பிள்ளைகள் இந்த இரண்டையும் மியோசிஸ், மிட்டோசிஸ் என்று படித்து, தேர்விலும் எழுத்தை மாற்றி எழுதிவிடுகிறார்கள். இரண்டும் செல் பிரியும் முறைகள்; பாலணுக்களை உண்டாக்குவது மையோஸிஸ். 46 குரோமோசோம் 23 ஆகிறது. எழுத்துப்பிழை மற்றதைப்போல் தோன்றினால் மதிப்பெண் போய்விடும்.

ஷன், இக் என்று முடிந்தால் அதற்கு முந்திய அசையில். ஆவ்-யு-'லே-ஷன், அதாவது சூலகத்திலிருந்து முட்டை வெளிவருவது; அம்-னி-'ஆ-டிக், அதாவது பனிக்குடம் சார்ந்த.

கையால் மேசையைத் தட்டியபடி சொல்லிப் பழகுங்கள். அழுத்தும் அசையில் மட்டும் தட்டு. பிறகு அகராதியின் ஒலியைக் கேளுங்கள். முதலில் கேட்டுவிட்டுப் பிறகு சொன்னால் காது ஏமாற்றும். முதலில் நீங்களே ஊகித்துச் சொன்னால்தான் தவறு எங்கே என்று தெரியும்.

6. மாறிப்போகும் சொற்கள்

யூட்டரஸ், யூரீட்டர், யூரெத்ரா. முதலாவது கருப்பை ('யூ-ட-ரஸ்). இரண்டாவது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய் (யூ-'ரீ-டர்). மூன்றாவது சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே போகும் குழாய் (யூ-'ரீ-த்ரா). ஆணுக்கு யூரெத்ரா வழியாகவே விந்தும் வெளியேறும். பெண்ணுக்குச் சிறுநீர் வழியும் பிறப்பு வழியும் தனித்தனி. தேர்வில் அடிக்கடி தவறுவது இந்த இடம்.

ஸர்விகல். லத்தீனில் கழுத்து என்று பொருள். ஆகவே கழுத்தெலும்புத் தேய்மானத்துக்கும் இதே சொல், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் இதே சொல். எக்ஸ்ரே அறிக்கையில் “ஸர்விகல் ஸ்பைன்” என்று பார்த்து ஒரு ஆண் அலற வேண்டியதில்லை. 'ஸர்-வி-கல், ஸர்-'வை-கல் இரண்டு உச்சரிப்பும் சரி.

பெரினீயம் (பெ-ரி-'னீ-யம்) யோனிக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட பகுதி. பிரசவத்தில் கிழிவது இது. பெரிட்டனீயம் (பெ-ரி-ட-'னீ-யம்) வயிற்றுக்குழியின் உட்படலம். ஓர் அசைதான் கூடுதல், ஆனால் தையல் எங்கே என்பதே மாறிவிடும்.

ஓவம் விலங்கின் முட்டை, ஓவ்யூல் பூவின் சூல். தொடக்கநிலை 5 அறிவியலில் பூவையும் மனிதனையும் அடுத்தடுத்துப் படிப்பதால் பிள்ளைகள் இதைக் குழப்பிக்கொள்வார்கள். ஓவரி மட்டும் இரண்டுக்கும் பொது. மகரந்தச் சேர்க்கையும் கருவுறுதலும் ஒன்றில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்: மகரந்தம் சூல்முடியில் விழுவது முதலாவது, ஆண் பெண் அணுக்கள் இணைவது இரண்டாவது.

எம்ப்ரியோ, ஃபீட்டஸ். கருவுற்றதிலிருந்து 8 வாரம் வரை எம்ப்ரியோ, அதன் பிறகு ஃபீட்டஸ். தமிழில் முன்னதைக் கரு என்றும் பின்னதைச் சிசு அல்லது முதிர்கரு என்றும் சொல்லலாம்.

ப்ராஸ்டேட் என்ற சுரப்பியின் பெயரில் இரண்டாவது ர் கிடையாது. ர் சேர்த்தால் குப்புற விழுந்து கிடப்பது என்று பொருள்.

7. சுருக்கெழுத்துகளைத் தமிழில் எழுதி வைக்காதீர்கள்

பிரசவத்துக்குப் பின் அதிகமாக ரத்தம் போவதற்கு ஒரு சுருக்கம் இருக்கிறது. முதியவர்களுக்கு ப்ராஸ்டேட் சுரப்பி வீங்குவதற்கு ஒரு சுருக்கம் இருக்கிறது. தமிழில் எழுதினால் இரண்டும் “பிபிஎச்”. நோட்டில் ஆங்கில எழுத்து கட்டாயம் என்று சொன்னது இதற்காகத்தான்.

ஹெச்சிஜி கர்ப்பத்தை உறுதிசெய்யும் ஹார்மோன். ரத்தத்திலோ சிறுநீரிலோ பார்ப்பார்கள். ஹெச்எஸ்ஜி மேலே பார்த்த குழாய் எக்ஸ்ரே. கர்ப்பம் இருந்தால் எடுக்கக் கூடாது. தொலைபேசியில் முன்பதிவு செய்யும்போது நடு எழுத்தை நிறுத்திச் சொல்லுங்கள்.

ஐயூஐ, விந்தணுவைக் கருப்பைக்குள் நேரே செலுத்தும் சிகிச்சை. ஐயூடி, கருத்தடைச் சாதனம், ஊரில் காப்பர் டி என்பார்களே அந்த வகை. பழைய குறிப்புகளில் இதே ஐயூடி வயிற்றிலேயே சிசு இறந்ததையும் குறிக்கும். ஆகவே சுற்றியுள்ள வரியைப் படிக்காமல் இந்தச் சுருக்கத்துக்குப் பொருள் சொல்லவே கூடாது.

சிவிஎஸ், கோரியானிலிருந்து திசு எடுத்துக் குழந்தையின் மரபணுவைப் பார்க்கும் சோதனை. ஆனால் பரிசோதனைக் குறிப்பில் “சிவிஎஸ் நார்மல்” என்று இருந்தால் இதயமும் ரத்தநாளமும் சரி என்றுதான் அர்த்தம்.

ஓஜிடிடி, கர்ப்பகாலச் சர்க்கரைச் சோதனை. வழக்கமாக 24 முதல் 28 வாரத்துக்குள். வெறும் வயிற்றில் ரத்தம், 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் குடித்த பின் மீண்டும் ரத்தம். வீட்டில் பெரியவர்கள் “வெறும் வயிறா போகாதே, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ” என்பார்கள். அந்த ஒரு வாயில் சோதனை கெட்டுவிடும்; முன்கூட்டியே அவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

பாப், ஹெச்பிவி இரண்டும் கருப்பை வாயிலிருந்து மாதிரி எடுக்கும் சோதனைகள், தேடுவது வேறு. பாப் மாறிய செல்களைத் தேடுகிறது, ஹெச்பிவி அந்த மாற்றத்தை உண்டாக்கும் வைரஸைத் தேடுகிறது. சிங்கப்பூரில் 25 முதல் 29 வயது வரை 3 ஆண்டுக்கு ஒரு முறை பாப், 30 வயதிலிருந்து 5 ஆண்டுக்கு ஒரு முறை ஹெச்பிவி என்பது பரிந்துரை.

எம்சி பற்றி ஒரு வரி. தமிழகத்தில் சிலர் மாதவிடாயை எம்சி என்பார்கள். இங்கே அது மருத்துவ விடுப்புச் சான்றிதழ். “எம்சி எப்போ வந்தது” என்று கேட்டால் புதிதாக வந்தவருக்கு ஒன்று புரியும், தாதிக்கு வேறொன்று புரியும்.

8. நாள் கணக்கும் பிள்ளைக் கணக்கும்

எல்எம்பி என்பது கடைசி மாதவிடாயின் முதல் நாள். அது முடிந்த நாள் அல்ல. கர்ப்ப வாரம் இந்த நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. கருவுறுவது அதற்குச் சுமார் 2 வாரம் கழித்து. ஆக “7 வாரம்” என்று மருத்துவர் சொன்னால் கரு உண்டாகி ஏறத்தாழ 5 வாரம்.

இதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டுப் பெரிய சண்டையே வந்துவிடக்கூடும். கணவர் வெளிநாட்டிலிருந்து திரும்பி 5 வாரம்தான் ஆகிறது, கர்ப்பமோ 7 வாரம் என்கிறார்கள் என்று கணக்குப் போடும் வீடுகள் உண்டு. வாரத்தைச் சொல்லும்போதே எண்ணும் முறையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இடிடி என்பது எதிர்பார்க்கும் பிரசவ நாள்: எல்எம்பி-யிலிருந்து 280 நாள், 40 வாரம். மனக்கணக்காகப் போட, 7 நாளையும் 9 மாதத்தையும் கூட்டுங்கள். எல்எம்பி மார்ச் 10 என்றால் டிசம்பர் 17. மாதச் சுழற்சி 28 நாள் என்று வைத்துப் போடும் கணக்கு இது. சுழற்சி நீண்டவர்களுக்கு ஸ்கேன் காட்டும் பிரசவ நாள் இதிலிருந்து மாறும், அப்போது ஸ்கேன் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். 280-ஐ 28-ஆல் வகுத்தால் 10. பாட்டிமார் சொல்லும் பத்து மாதக் கணக்கும் மருத்துவரின் 40 வாரமும் மோதுவதில்லை.

சில குறிப்புகளில் இடிசி என்று இருக்கும். அதுவும் பிரசவ நாளே. அதில் உள்ள கன்ஃபைன்மென்ட் என்ற சொல் மருத்துவத்தில் பிரசவத்தைக் குறிக்கும். சிங்கப்பூர்ப் பேச்சில் அதே சொல் பிரசவத்துக்குப் பின் வீட்டில் பத்தியம் இருக்கும் காலம். குறிப்பிட்ட தேதியைப் பத்தியம் தொடங்கும் நாள் என்று எடுத்துக்கொண்டால் ஆயாவை முன்பதிவு செய்வதிலிருந்து எல்லாம் பிசகும்.

ஜி3 பி1 என்று அட்டையில் இருந்தால்: இப்போதையதையும் சேர்த்து மூன்று முறை கர்ப்பம், ஒரு முறை பிரசவம். மூன்று குழந்தை என்று படிக்கக் கூடாது. இரட்டைக் குழந்தை பிறந்திருந்தாலும் பிரசவம் ஒன்றாகவே எண்ணப்படும். இந்தக் கணக்கில் இடைவெளி தெரிந்தால், அதாவது ஒரு கர்ப்பம் தங்காமல் போயிருந்தால், குடும்பத்தார் முன் அதை உரக்கப் படிக்காதீர்கள். அந்தப் பெண் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கலாம்.

9. பயமுறுத்துகிற சொற்களும் நம்பவைத்து ஏமாற்றுகிற சொற்களும்

அபார்ஷன். பேச்சில் இது வேண்டுமென்றே கலைப்பது. மருத்துவக் குறிப்பில் தானாகக் கலைந்ததற்கும் இதே சொல் வரும். தமிழில் கருச்சிதைவு தானாக நேர்வது, கருக்கலைப்பு செய்துகொள்வது. தவறான சொல்லை மாமியார் காதில் போட்டால் திரும்ப எடுக்க முடியாது. “த்ரெட்டன்ட்” என்ற அடைமொழியோடு வந்தால் ரத்தம் படுகிறது, கர்ப்பம் இன்னும் இருக்கிறது என்று பொருள், கலைந்துவிட்டதாகச் சொல்லிவிடாதீர்கள். “மிஸ்ட்” என்று வந்தால் துடிப்பு நின்றும் வெளியேறாமல் இருக்கிறது.

ஸ்கேன் அறிக்கையில் “அன்ரிமார்க்கபிள்” என்றால் குறையொன்றும் இல்லை என்று பொருள். “ரெட்ரோவர்ட்டட் யூட்டரஸ்” என்றால் கருப்பை பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. பெரும்பாலும் இயல்பான வேறுபாடுதான். “க்ராவிட் யூட்டரஸ்” என்பது கரு தாங்கிய கருப்பை, அவ்வளவே. 35 வயதுக்கு மேல் முதல் கர்ப்பம் என்றால் பழைய பாணியில் “எல்டர்லி ப்ரைமிக்ராவிடா” என்று எழுதுவார்கள். இதை “வயசானவங்க” என்று மொழிபெயர்ப்பது வீண் வம்பு. முதல் கர்ப்பம், 35-க்கு மேல் என்று சொன்னால் போதும்.

மலட்டுத்தன்மை என்ற சொல்லை வீட்டுப் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். குழந்தையின்மை என்பது பொருளில் எதையும் இழக்கவில்லை. அந்தச் சொல்லோடு காரணம் யாருக்கு என்ற பேச்சும் வரும். ஸ்கேனும் ரத்தமும் மனைவிக்கு எடுத்துவிட்டுக் கணவரின் விந்துப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது இன்றும் நடக்கிறது. ஒலிகோஸ்பெர்மியா என்றால் விந்தணு குறைவு, ஏஸோஅஸ்பெர்மியா என்றால் விந்தணுவே இல்லை. இரண்டையும் “கொஞ்சம் குறைவாம்” என்று ஒன்றாக்கிவிடாதீர்கள். சிகிச்சை வழி வேறு.

10. அறைக்குள் நுழைந்த பிறகு

பெரியவர்களின் மறைமொழியை முதலில் அவிழ்க்க வேண்டும். “முழுகாம இருக்கா” என்றால் கர்ப்பம். “நாள் தள்ளிப்போச்சு” என்றால் மாதவிடாய் வரவில்லை. “வீட்டுக்குத் தூரம்” என்றால் மாதவிடாய். “ஆபரேஷன் பண்ணியாச்சு” என்றால் சிசேரியனா, குடும்பக் கட்டுப்பாடா, கருப்பை நீக்கமா என்று மூன்றில் எதுவும் ஆகலாம். சொல்லுக்குச் சொல் ஆங்கிலப்படுத்தினால் குளிக்காத பெண் ஒருத்தி மருத்துவரின் குறிப்பில் ஏறிவிடுவாள்.

“நின்னுபோச்சு” என்ற சொல் தனிக் கவனம் கேட்கும். இந்த மாதம் வரவில்லையா, வயதாகி நிரந்தரமாக நின்றதா? “அத்தை, நின்னு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சா? அதுக்கப்புறம் எப்பவாவது ரத்தம் பட்டுச்சா?” என்று இரண்டு கேள்வியாகப் பிரித்துக் கேளுங்கள். 12 மாதம் தொடர்ந்து வராவிட்டால்தான் மெனோபாஸ். அதன் பிறகு ஒரு சொட்டு பட்டாலும் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். “சூடு” என்று விட்டுவிடக் கூடாது.

அத்தைக்கு மருமகன் முன்னால் பேச வராது. ஆண்கள் துணைக்குப் போனால் அறைக்கு வெளியே நிற்பதும், பெண் தாதி ஒருவரைக் கேட்டு வாங்குவதும் நல்லது. வயதானவர்கள் “மிஸ்ஸி” என்று கூப்பிடும் தாதியரில் தமிழ் பேசுகிறவர் இருக்கக்கூடும். வரும்போதே கேட்டு வைத்தால் காத்திருப்பு குறையும்.

புதுச் சொல் காதில் விழுந்தால் தலையாட்டாதீர்கள். “டாக்டர், அந்தச் சொல்லை எழுதித் தர முடியுமா?” என்று கேளுங்கள். எழுத்து கையில் வந்தால் வாலைப் பார்த்து அங்கேயே பாதி விளங்கிவிடும். பிறகு உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லுங்கள்: எந்த உறுப்பு, என்ன செய்யப் போகிறீர்கள், எப்போது. மருத்துவர் திருத்தினால் திருத்தியதை நோட்டில் எழுதுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து கேட்கும் இடத்தில் மட்டும் நீங்கள் மொழிபெயர்ப்பாளர் வேலையை எடுத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. மருத்துவமனையிடம் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். குடும்பத்தார் நல்ல எண்ணத்தில்கூட கெட்ட செய்தியைக் குறைத்துச் சொல்லிவிடுகிறார்கள். கையெழுத்துப் போடுகிறவருக்கு முழுச் சொல்லும் தெரிந்தாக வேண்டும்.